நகுமோவிடம் தப்பிய கப்பல்

1942 ஏப்ரலில் மதராஸில் பாதி ஊர் மூட்டை கட்டியது. கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று வரிசையாக ஜப்பானியக் குண்டுகள் விழுந்த மாதம் அது. அட்மிரல் நகுமோ ஐந்து விமானந்தாங்கிகளோடு பிரிட்டனின் கிழக்குக் கடற்படையைத் தேடினார். ஹெர்மிஸ் முதலிய கப்பல்கள் மூழ்கின. பெரிய போர்க்கப்பலான ராமிலீஸ் அவர் கண்ணில் படாமல், மாலத்தீவின் அட்டு வழியாக ஆப்பிரிக்கக் கரைக்கு நழுவிவிட்டது.

இரண்டு மாதத்துக்குள் அதை முடக்கியது இரண்டே ஆட்கள் ஓட்டிய குட்டி நீர்மூழ்கி.

மே முதல் வாரத்தில் மடகாஸ்கரின் தியேகோ சுவாரஸ் துறைமுகத்தை விஷி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிரிட்டன் பிடித்தது. ராமிலீஸ் அங்கே நின்றது. மே 29 இரவு ஒரு வேவு விமானம் தலைக்கு மேல் வட்டமிட, கப்பல் நங்கூரத்தை எடுத்து இடம் மாறிக்கொண்டது. அது போதவில்லை. மறுநாள் மாலை ஐ-16, ஐ-20 என்ற நீர்மூழ்கிகள் முதுகில் சுமந்து வந்த குட்டிகளை வெளிக்கடலில் அவிழ்த்துவிட்டன.

பட்டுச் சேலை நான்கை ரவிக்கைத் துணியோடு நீட்டிப் போட்டால் ஏறக்குறைய ஒரு குட்டியின் நீளம்: 24 மீட்டர். குறுக்களவு 2 மீட்டர்கூட இல்லை. எடை 46 டன். ஓடுவது பேட்டரியில், தீர்ந்தால் கடலில் சார்ஜ் ஏற்ற வழியில்லை. மூக்கில் இரண்டு டார்பிடோ. ஒன்றைச் சுட்டதும் முன்பாரம் குறைந்து மூக்கு தூக்கிக்கொள்ளும். ஒருவர் பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்க, மற்றவர் பாரத்தைச் சமன்செய்ய வால்வுகளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இரவு 8.25. ராமிலீஸின் முன்பக்கம் கிழிந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் பிரிட்டிஷ் லாயல்டி என்ற எண்ணெய்க் கப்பல் மூழ்கியது.

ஐ-20இன் குட்டி தரைதட்டியது. அதில் வந்த அகியெடா சபுரோவும் தகெமோட்டோ மசாமியும் கரையேறி, தங்களை ஏற்றிக்கொள்ள வேண்டிய நீர்மூழ்கியை நோக்கி நடந்தார்கள். வழியில் ஒரு கிராமத்தில் சாப்பாடு வாங்கப்போய்த் துப்பு கசிந்தது. ஜூன் 2ஆம் தேதி பிரிட்டிஷ் மரீன்களோடு சண்டையிட்டு மாண்டார்கள். மற்றக் குட்டி திரும்பவே இல்லை.

தியேகோ சுவாரஸ் தாக்குதலுக்கு மறுநாள், மே 31 இரவு, சிட்னித் துறைமுகத்துக்குள் நுழைந்த வேறு மூன்று ஜப்பானியக் குட்டிகளுக்குப் பெரிய கப்பல் எதுவும் சிக்கவில்லை. குட்டபுல் என்ற தங்கல் கப்பலில் இருந்த 21 மாலுமிகள் இறந்தார்கள். பேரென்னவோ சிட்னிக்குத்தான்! என் கணக்கில் அந்த வாரத்தின் பெரிய அடி தியேகோ சுவாரஸில் விழுந்ததே.

ராமிலீஸ் பழுது நீங்கி 1944 ஜூனில் நார்மண்டியில் பீரங்கி முழக்கியது. பிரிட்டிஷ் லாயல்டிதான் பாவம். அதைத் தூக்கி நிறுத்தி, அட்டுவில் மிதக்கும் எண்ணெய்க் கிடங்காக்கினார்கள். 1944 மார்ச்சில் யு-183 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, காப்பு வலையின் இடைவெளி வழியே அங்கும் அதற்கு டார்பிடோ வைத்தது. 1946இல் பிரிட்டிஷாரே அதை அட்டுவில் மூழ்கடித்துவிட்டார்கள்.