மறுப்பிலிருந்து பிறந்த வரைபடம்

நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். பதனிட்ட தோலும், தச்சர் பயன்படுத்தும் வஜ்ஜிரமும் இப்புரதத்தால் ஆனவையே. இவ்வளவு பழகிய பொருளின் மூலக்கூறு எவ்வாறு அமைந்திருக்கிறது என்பது 1950-களின் தொடக்கத்தில் விடை காணாத வினாவாக இருந்தது. அதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் விடை கண்டவர் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்.

இவர் 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தவர், சர் சி. வி. இராமனின் இயற்பியல் துறைக்கு மாறினார். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து திரும்பியபின், 1952-இல் துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியாரின் அழைப்பை ஏற்றுச் சென்னையில் இயற்பியல் பேராசிரியரானார். 1970 வரை அப்பணியில் இருந்தார்.

சென்னைக்கு வந்திருந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் புதிராகவே உள்ளது என்று கூறியது இவரைத் தூண்டியது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ் கதிர் ஆய்வில் இறங்கினார். கொலாஜனின் அமினோ அமிலங்களுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுவே. மூன்று புரிகளை முறுக்கிக் கயிறு திரிப்பதுபோல மூன்று சங்கிலிகள் சேரும்போது, நடுவிலுள்ள குறுகிய இடத்தில் கிளைசின் மட்டுமே பொருந்தும். 1954-இலும் 1955-இலும் இந்த முச்சுருள் அமைப்பை இருவரும் வெளியிட்டனர்.

உடனே மறுப்பும் எழுந்தது. டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட கிரிக், ரிச் என்பவருடன் சேர்ந்து, இம்மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றார். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் அமைய வழியில்லை, ஒன்றே பொருந்தும் என்றும் கூறினார். பிணைப்பைப் பற்றிய அவர்கள் கருத்தே பின்னர் நிலைபெற்றது. முச்சுருள் என்னும் அடிப்படையும் நிலைத்தது.

இராமச்சந்திரன் வாதத்தோடு நின்றுவிடவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று கேட்டார். ஏற்கெனவே அமைப்பு அறியப்பட்ட படிகங்களிலிருந்து அணுக்களின் இடைவெளிகளைத் திரட்டினார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஃபை, சை என்னும் இரு கோணங்களில் திரும்பக்கூடியது. எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதிக்கொள்ளும், எவற்றில் மோதாது என்று இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மாணவர்களுடன் கணக்கிட்டு, 1963-இல் ஒரு வரைபடமாக வெளியிட்டார். அதன் பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலம். அனுமதிக்கப்பட்டவை சில தீவுகளே.

இதுவே ‘இராமச்சந்திரன் வரைபடம்’. இன்றும் புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிவோர், அதன் கோணங்கள் இத்தீவுகளுக்குள் விழுகின்றனவா என்று பார்த்தே தங்கள் முடிவைச் சரிபார்க்கின்றனர்.

எக்ஸ் கதிர்ப் பதிவுகளிலிருந்து உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அமைக்க உதவும் கணித முறையொன்றை, லட்சுமிநாராயணனுடன் 1971-இல் இவர் வெளியிட்டார். அதே காலத்தில் பெங்களூரில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவையும் தொடங்கினார். 2001-இல் சென்னையில் மறைந்தார்.

தம் முடிவை ஒருவர் மறுக்கும்போது சினம் கொள்வது எளிது. அந்த மறுப்பினுள் இருக்கும் வினாவைத் தனியே எடுத்து அளந்து பார்ப்பதே அறிவியல். அவ்வாறு அளந்ததால் கிடைத்த வரைபடம், கொலாஜனுக்கு மட்டுமன்றி எல்லாப் புரதங்களுக்கும் அளவுகோலாகிவிட்டது.