சூட்டுக்களத்தின் காவலர்

படைக்கலங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றைச் செய்தவரையும் அவற்றால் வென்றவரையும் போற்றுவர். அவற்றின் அருகே நின்று “நிறுத்துக” என ஆணையிடுபவரை நினைப்போர் மிகச் சிலரே. குறிபார்த்துச் சுடும் களங்களிலே பாதுகாப்பு மேற்பார்வையாளர் எனப்படும் அவருக்கு ஏன் தனிப்பயிற்சி வேண்டியதாயிற்று என்பதை, இங்கிலாந்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

அந்நூற்றாண்டின் நடுப்பகுதி வரையும் பிரித்தானியப் போர்வீரர் தாங்கிய துவக்கு உட்புறம் வழுவழுப்பான குழலையுடையது. நூறு யாருக்கு அப்பால் அதன் குண்டு எங்கே செல்லுமென எவரும் உறுதி கூறவியலாது. குழலினுள்ளே சுரிவரி வெட்டப்பெற்ற றைபிள் 1850களில் படைகளிடையே பரவியபோது நிலைமை மாறியது. பல நூறு யார் தொலைவிலுள்ள மனிதனையும் அதனாற் குறிவைக்க முடிந்தது. கருவி வளர்ந்த அளவிற்குக் கையும் கண்ணும் வளரவேண்டுமன்றோ? ஆதலின் 1853ஆம் ஆண்டு கென்ற் மாகாணத்துக் கடற்கரை ஊராகிய ஹைத் என்னுமிடத்திலே துவக்குப் பயிற்சிப் பள்ளியொன்று நிறுவப்பட்டது. படைப்பிரிவுகளிலிருந்து அங்கு வந்த அதிகாரிகள் தூரத்தை மதிப்பிடவும், ஒழுங்காகச் சுடவும், பிறர்க்குக் கற்பிக்கவும் பயின்று, தத்தம் பிரிவுகளுக்கு ஆசிரியராய் மீண்டனர்.

1859ஆம் ஆண்டிலே பிரான்சு படையெடுக்கக்கூடுமென்ற அச்சம் இங்கிலாந்திற் பரவிற்று. எழுதுவினைஞரும் வணிகரும் வழக்கறிஞரும் தொண்டர் படையிற் சேர்ந்தனர். அவ்வாண்டே தேசிய றைபிள் சங்கமும் தோன்றியது. 1860 யூலை 2ஆம் திகதி விம்பிள்டன் வெளியில் அச்சங்கத்தின் முதற் போட்டியை விக்ரோறியா மகாராணியார் தொடக்கிவைத்தார். விட்வேர்த் என்பார் ஆக்கிய றைபிள் ஒன்று தாங்கியிலே அசையாது பொருத்தப்பட்டிருந்தது. மகாராணியார் பட்டுக்கயிற்றை இழுத்தார். 400 யாருக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குல அளவிலே குண்டு பதிந்தது. பொறி தாங்கிய துவக்கிற்கு மறதியில்லை, படபடப்பில்லை. ஆனால் அவருக்குப்பின் சுட வந்தவர் யாவரும் மனிதர். அவர்களை ஒழுங்குபடுத்துவது எவ்வாறு என்பதே அன்று எழுந்த கேள்வி.

இக்கேள்வியிலே உயிரைப் பணயம் வைத்தவன் குறிகாட்டுபவனாவான். தொடக்கத்தில் இலக்குகள் இரும்புத் தகடுகளாய் இருந்தன. பக்கத்தேயிருந்த காப்பிடத்திலே குறிகாட்டுபவன் பதுங்கியிருந்து, குண்டு பட்ட இடத்தைக் கொடியால் அறிவிப்பான். தகட்டிற் படிந்த ஈயக்கறையைச் சுண்ணம் பூசி மறைக்க அவன் வெளியே வரவேண்டும். நூற்றுக்கணக்கான யாருக்கு அப்பால் நிற்கும் துவக்குகள் யாவும் வெறுமையாயின என்பதை அவனாற் காணமுடியாது. ஒருவரின் சொல்லை நம்பியே அவன் அடி வைக்கவேண்டும். பிற்காலத்திலே இலக்குகள் துணியாலாகிச் சட்டங்களில் ஏறியிறங்கலாயின. குறிகாட்டுபவன் பள்ளத்திலே மறைந்திருந்தான். எனினும் அந்த நம்பிக்கையின் தேவை ஒழியவில்லை.

காலம் செல்ல விம்பிள்டனைச் சூழ வீடுகள் பெருகின. றைபிளின் ஆற்றலும் வளர்ந்தது. 1888ஆம் ஆண்டிற் பிரித்தானியப் படை ஏற்ற சிறுவிட்ட றைபிளும், அதனையடுத்து வந்த புகையற்ற வெடிமருந்தும் குண்டு செல்லும் எல்லையை இரண்டு மைல் வரைக்கும் நீட்டின. அயலிலே நிலம் வைத்திருந்த கேம்பிரிட்ஜ் கோமகனாரும் முறையிட்டார். 1889ஆம் ஆண்டுடன் விம்பிள்டனிற் போட்டிகள் முடிவுற்றன. 1890ஆம் ஆண்டு சறே மாகாணத்துப் பிஸ்லி என்னும் ஊரிலே புதிய களம் திறக்கப்பட்டது. 1892ஆம் ஆண்டின் படைநிலச் சட்டம், சூடு நிகழும் நிலத்தினுள் பொதுமக்கள் புகாவண்ணம் துணைவிதிகள் ஆக்க இடமளித்தது. களத்தை மாற்றலாம், சட்டமும் இயற்றலாம். மனிதனின் கவனக்குறைவைத் தடுக்க அவன் அருகே மனிதனே நிற்றல் வேண்டும்.

பிரித்தானியாவிலே இன்று களத்தை நடத்துபவர் கற்கும் பாடங்கள் இவ்வனுபவங்களின் சாரமாகும். அவர் களத்தின் நிலையான கட்டளைகளை முன்னரே படித்தறிகின்றார். செங்கொடி ஏற்றப்பட்டதா, இலக்குப் பள்ளத்தோடு பேச வழியுண்டா, முதலுதவிப் பொருள்கள் உளவா எனப் பார்க்கின்றார். பிறரை மேற்பார்க்கும் வேளையிலே தாம் சுடுவதில்லை. வெடியாத தோட்டா குழலிலிருப்பின், துவக்கின் வாய் இலக்கை நோக்கியவாறே இருக்கப் பொறுத்திருக்கச் செய்கின்றார். சூடு முடிந்ததும் ஒவ்வொரு துவக்கும் திறந்து காட்டப்பட வேண்டும். வெறுமையென்று சொல்லக் கேட்பது போதாது, கண்ணாற் காணவேண்டும். ஆபத்தைக் கண்ட எவரும் “நிறுத்துக” எனக் கூவலாம். மீண்டும் தொடங்கென்று சொல்லும் உரிமையோ அவர் ஒருவருக்கே உண்டு.

இவற்றுள் கடினமான பாடம், மறுத்துக் கூறும் துணிவாகும். சுட நிற்பவர் பதவியிற் பெரியவராகலாம். பரிசு வென்ற வல்லுநராகலாம். நெடுநாள் நண்பராகவும் இருக்கலாம். அவர் முகம் கோணுமென்று மேற்பார்வையாளர் தயங்கும் ஒரு நொடியிலே, அப்பால் ஒருவன் பள்ளத்திலிருந்து தலைதூக்கக்கூடும். ஹைத் பள்ளி தோன்றிய நாள்தொட்டுப் படைக்கலத்தின் ஆற்றல் பன்மடங்கு பெருகியுள்ளது. அந்தக் குறிகாட்டுபவனுக்கோ அன்று போல் இன்றும் ஓருயிரே உளது. மாலையிலே செங்கொடி இறக்கப்பட, வந்தவர் யாவரும் வீடு திரும்புவராயின், அந்நாளைப் பற்றி எழுதுவதற்கு எவருக்கும் ஒன்றுமில்லை. அதுவே களங்காத்தவர் பெறும் பரிசாகும்.