எட்டு பிளக்கும் ஒரு பிக்கப்பும்

ஒரு லட்சம் மைல் வரை ஸ்பார்க் பிளக்கைத் தொடவே வேண்டாம்! 2004 மாடல் எஃப்-150 பிக்கப்பை வாங்கிய அமெரிக்கர்களுக்கு இது பெரிய வசதி. வினையும் அதிலேயே இருந்தது.

ஃபோர்டின் அந்த 5.4 லிட்டர் டிரைட்டன் எஞ்சினில் எட்டு பிளக். ஒவ்வொன்றும் இரண்டு துண்டுகளை இணைத்துச் செய்தது. கீழ்த்துண்டு நீளமான மெல்லிய குழாய். வருடக்கணக்கில் கரி படிந்து அது சிலிண்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொண்டது. பிளக் ஸ்பேனரால் திருகினால் மேல்பாதி மட்டும் கையோடு வரும், குழாய் உள்ளேயே நின்றுவிடும். அதை எடுக்கத் தனிக் கருவியே விற்பனைக்கு வந்தது. அதுவும் பலிக்காவிட்டால் ஹெட்டையே கழற்ற வேண்டும்... ஒரு பிளக்குக்காக!

2008-ல் ஃபோர்டு டீலர்களுக்கு அனுப்பிய குறிப்பு இது: கால் சுற்றுக்கு மேல் திருகாதே, கார்புரேட்டர் கிளீனர் ஊற்று, குறைந்தது 15 நிமிடம் ஊறவிடு, பிறகு முன்னும் பின்னுமாகத் திருகி மெல்ல எடு. (அந்த எஞ்சினில் கார்புரேட்டரே கிடையாது என்பது வேறு விஷயம்.)

இத்தனை பாட்டிலும் காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவே உள்ள ரப்பர் உறையை மறந்தவர்கள் உண்டு. அது வெடித்து ஈரம் இறங்கினால் பொறி ஹெட்டுக்குத் தாவிவிடும். புது பிளக் போட்டும் எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கும்.

பிந்தைய எஞ்சின்களில் ஃபோர்டு ஹெட்டையும் பிளக்கையும் மாற்றியது. பழைய வண்டிக்காரர்களுக்கு வேறு நிறுவனங்கள் ஒரே துண்டாகச் செய்த பிளக்கை விற்றன.