செல்போர்ன் தோட்டத்தில் இளவேனில்

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் வட்டாரத்தில், பீச் மரங்கள் அடர்ந்த செங்குத்தான சுண்ணக்கல் குன்றின் அடிவாரத்தில் அமைந்துள்ள செல்போர்ன், பதினெட்டாம் நூற்றாண்டில் நல்ல சாலைகூட இல்லாத ஒரு சிற்றூராகவே இருந்தது. அவ்வூரில் முன்னாள் உரிமையாளர்களின் குடும்பப் பெயரால் ‘வேக்ஸ்’ என்று வழங்கிய வீட்டில் வாழ்ந்தவர் கில்பர்ட் வைட் (1720–1793). ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, ஊர்த் தேவாலயத்தில் பங்குக்குருவுக்கு உதவியாகப் பணியாற்றும் துணைக்குருவாக இருந்த அவர், 1789-இல் வெளியிட்ட ‘செல்போர்னின் இயற்கை வரலாறும் தொல்பொருள்களும்’ என்னும் நூலால் அறியப்படுகிறார். அந்நூலின் புகழ் அதற்கு அடித்தளமாக அமைந்த வீட்டுத் தோட்டத்தைப் பெரிதும் மறைத்துவிட்டது. நாற்றங்கால் வாடிவிடுமோ என்று இரவில் கவலைப்பட்ட ஒரு தோட்டக்காரரின் குறிப்புகளிலிருந்தே வைட்டின் இயற்கை ஆய்வு முளைத்தது என்பதை அவருடைய கையேடுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

தமிழ் மரபில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும், அதாவது வெயில் ஏறத் தொடங்கும் காலம். இங்கிலாந்திலோ அது மார்ச்சு முதல் மே வரை நீளும், உறைபனி விலகியும் விலகாமலும் இருக்கும் பருவமாகும். பகலில் துளிர்விட்ட பயிரை ஒரே இரவின் பனி கருக்கிவிடக்கூடிய அந்த நாட்டில், எந்த நாளில் எதை விதைப்பது என்பது குடும்பத்தின் உணவையே தீர்மானித்தது. வைட் 1751-இல் ‘தோட்டக் குறிப்பேடு’ ஒன்றைத் தொடங்கியதற்கும் இதுவே காரணம். அதன் தொடக்கப் பக்கங்களை இன்றைய நாள்காட்டியோடு ஒப்பிடுவோர், பிரிட்டன் 1752 செப்டம்பரில்தான் பழைய நாள்காட்டியைக் கைவிட்டுப் 11 நாட்களைத் தாண்டிச் சென்றது என்பதையும், அதற்கு முந்தைய தேதிகளுடன் 11 நாட்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அக்குறிப்பேட்டில் மிகுதியான இடத்தைப் பிடித்திருப்பது வெப்பப் பாத்தி. வைக்கோல் கலந்த புதிய குதிரைச் சாணத்தைக் குவித்து மிதித்து, அது புளித்துச் சூடேறும்போது அதன்மேல் மண் பரப்பி, கண்ணாடி மூடியிட்ட மரச்சட்டத்தை வைத்து, அந்தச் சூட்டில் வெள்ளரியையும் முலாம்பழத்தையும் முளைக்கச் செய்வதே வெப்பப் பாத்தியின் முறை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், சூடு மிகுந்தால் வேர் வெந்துபோகும். சில வாரங்களில் அது தணிந்துவிட்டால் பக்கங்களில் மீண்டும் புதுச் சாணத்தை அணைத்தாக வேண்டும். கண்ணாடியைச் சிறிதளவு தூக்கிவைக்காவிட்டால் உள்ளே தேங்கும் ஆவியே நாற்றை அழுகச் செய்துவிடும். இரவில் பாய் போட்டு மூடவும் வேண்டும். இதற்குத் தேவையான சாணம் வைட்டின் வீட்டில் போதுமான அளவு இல்லாததால், அண்டை உழவர்களிடமிருந்தும் வண்டிக்கணக்கில் வந்து சேர்ந்தது. குளிர்நாட்டில் கோடைநாட்டுப் பழத்தை விளைவிக்கும் இந்த முயற்சியில் கௌரவத்தின் பங்கும் இருந்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் காற்று, மழை, வெப்பம் ஆகியவற்றை நாள்தோறும் கவனித்து எழுதும் பழக்கத்தை வைட்டுக்கு ஊட்டியது இந்தச் சாணக் குவியலே.

வேக்ஸ் வீட்டின் தோட்டம் வசதி படைத்தவரின் தோட்டம். 1761-இல் அங்கே ‘ஹா-ஹா’ என்னும் அமைப்பு கட்டப்பட்டது. பள்ளம் தோண்டி, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் சுவர் எழுப்பி, மேய்ச்சல் மாடுகள் தோட்டத்துக்குள் புகாதபடியும், அதே வேளையில் வீட்டிலிருந்து நோக்கினால் வேலி கண்ணில் படாதபடியும் அமைப்பதே ஹா-ஹா. ஆனால் உழைப்பாளிகளின் கொல்லைகளையும் வைட் கவனித்தார் என்பது அவருடைய எழுத்தின் சிறப்பாகும். நாணயமான ஒவ்வொரு கூலித் தொழிலாளிக்கும் ஒரு தோட்டம் உண்டு என்றும், அவன் பிழைப்பில் பாதி அதிலிருந்தே வருகிறது என்றும், உருளைக்கிழங்கு அவ்வட்டாரத்தில் பரவியது கடந்த இருபது ஆண்டுகளில்தான் என்றும், அதற்குப் பரிசுத்தொகைகள் துணைசெய்தன என்றும் 1778-இல் எழுதிய ஒரு கடிதத்தில் அவர் பதிவு செய்துள்ளார். தொழுநோய் அருகியதற்குக் காய்கறி உணவு பெருகியதும் ஒரு காரணம் என்று அதே கடிதம் வாதிடுகிறது. மருத்துவம் இன்று அந்த வாதத்தை ஏற்காது. எனினும் ஏழைகளின் தட்டில் என்ன இருந்தது என்பதற்கு அது மதிப்புமிக்க சான்றாக நிற்கிறது.

1768 முதல் குறிப்பேட்டின் வடிவம் மாறியது. டெயின்ஸ் பாரிங்டன் என்னும் அறிஞர் வகுத்த அச்சிட்ட படிவத்தில் காற்றின் திசை, வெப்பமானி, காற்றழுத்தம், மழை, முதலில் துளிர்த்த மரம், முதலில் மலர்ந்த பூ, வந்துசேர்ந்த பறவை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் இருந்தன. வைட் வெளியூர் சென்றபோது அவருடைய நெடுநாள் பணியாளரான தாமஸ் ஹோர் வானிலைக் கணக்கைத் தொடர்ந்து எழுதி வந்தார். இந்தப் பெயரை அறிவியல் வரலாறுகள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரே பறவை என்று கருதப்பட்டு வந்த சிறு இலைக்கதிர்க்குருவிகள் மூன்று தனி இனங்கள் என்பதை வைட் அவற்றின் பாட்டைக் கேட்டே பிரித்தறிந்தார். ஏப்ரலில் தோன்றும் தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் கடல் கடந்து செல்கின்றனவா, உள்ளூரிலேயே ஒளிந்து உறங்குகின்றனவா என்ற ஐயம் மட்டும் இறுதிவரை தீரவில்லை. ஆட்களை வைத்துக் குன்றுச் சரிவின் புதர்களையும் பொந்துகளையும் தேடச் செய்தும் விடை கிட்டவில்லை. தோட்டக்காரர்கள் வெறுத்த மண்புழுவே நிலத்தைத் துளைத்துக் காற்றும் மழையும் புகச்செய்து வளமாக்குகிறது என்று 1777-இல் அவர் எழுதினார். சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டது 1881-இல்தான்.

அவ்வூர் வீடுகளின் விலங்குகளும் இதே கவனத்தைப் பெற்றன. தன் குட்டிகளை இழந்த பூனையொன்று, காணாமற்போன முயல்குட்டிக்குப் பால்கொடுத்து வளர்த்து, ஒரு மாலையில் அதைத் தோட்டத்துக்கு அழைத்து வந்ததையும், கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியிலிருந்த அண்டைவீட்டு இளைஞர் காண்டன் நகரிலிருந்து கொண்டுவந்த சீன நாய்களின் தோற்றத்தையும் வைட்டின் கடிதங்கள் விவரிக்கின்றன. எனினும் அவ்வீட்டு இளவேனிலோடு பிரிக்கமுடியாமல் கலந்துவிட்ட உயிர், ‘திமோத்தி’ என்னும் நில ஆமையே. ரிங்மர் என்னும் ஊரில் வாழ்ந்த, வைட்டின் அத்தை ரெபெக்கா ஸ்னூக் நெடுங்காலம் வளர்த்த அந்த ஆமை, 1780 மார்ச்சில் அவர் இறந்தபின், குளிர்கால உறக்கத்திலிருந்த குழியிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டு, மண் நிரப்பிய பெட்டியில், ஏறத்தாழ 80 மைல் வண்டிப் பயணமாகச் செல்போர்னுக்கு வந்தது. வண்டியின் குலுக்கலில் விழித்துவிட்ட ஆமை, புதிய தோட்டத்தில் இருமுறை நடந்துபார்த்துவிட்டு, மாலைக் குளிர் தட்டியதும் மீண்டும் மண்ணுக்குள் புகுந்துகொண்டது. அது முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் மண் வெடித்து அதன் ஓடு தெரிவது, முதல் தகைவிலானின் வருகையைப் போலவே, தேதியிட்டு எழுதத்தக்க செய்தியாயிற்று. வைட் அதை எடைபோட்டார். மழைத்துளிக்கு அது அஞ்சி ஒதுங்குவதைக் கண்டார். ஊதுகுழல் வழியாக உரக்கக் கூவி அதற்குச் செவிப்புலன் உண்டா என்றும் சோதித்தார். அத்தை நெருங்கியபோது மட்டும் அது தத்தித்தத்தி ஓடிவந்தது என்ற குறிப்பில், ஆய்வாளரின் பார்வையோடு உறவினரின் பாசமும் சேர்ந்து ஒலிக்கிறது.

வைட்டின் குறிப்பேடு 1793 ஜூன் நடுவில் நின்றது. அந்த மாதம் 26-ஆம் நாள் அவர் வேக்ஸ் வீட்டிலேயே காலமானார். வீடும் தோட்டமும் 1955 முதல் அருங்காட்சியகமாகப் பேணப்படுகின்றன. ஆமையின் ஓடு லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. வைட் தம் குறிப்புகளில் பல ஆண்டுகள் ஆண் என்றே எழுதிவந்த திமோத்தி பெண் ஆமை என்பது, அது இறந்தபின் ஓட்டை ஆராய்ந்தபோதுதான் தெரியவந்தது.