நெல்லின் பாக்டீரியா எதிர்ப்பாற்றல்

பாக்டீரியா இலைக்கருகல் நோயிலிருந்து நெற்பயிர் மூலக்கூறு அளவில் தன்னைக் காத்துக்கொள்ளும் முறைகள் நெல்லின் பாக்டீரியா எதிர்ப்பாற்றல் எனப்படும். நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே, இலையோர நீர்த்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் நுழைந்து சைலக் குழாய்களில் பெருகுகிறது. இலையின் நுனியிலும் ஓரங்களிலும் தொடங்கும் கருகல், வைக்கோல் நிறத்தில் நெளிநெளியாகக் கீழிறங்கும். நோயுற்ற இலையை வெட்டி, வெட்டிய முனை கண்ணாடிக் குவளை நீரில் படும்படி பிடித்தால், சற்று நேரத்தில் பால்நிறக் கசிவு இழையாக இறங்கும். அந்தக் கசிவில் பாக்டீரியாக்கள் மொய்த்துக் கிடக்கும்.

இரத்தத்தில் உலவும் வெள்ளணுக்கள் போன்ற காவலர்கள் தாவரத்துக்கு இல்லை; ஒவ்வொரு செல்லும் தானே எதிரியை அறிந்து தானே போராட வேண்டும். செல்சவ்விலுள்ள ஏற்பிப் புரதங்கள் பாக்டீரியாவின் மூலக்கூறுகளை உணர்ந்ததும் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகின்றன, செல்சுவர் வலுப்படுகிறது.

எக்ஸ்ஏ21 இத்தகைய ஓர் ஏற்பி. மாலி நாட்டுக் காட்டு நெல்லான ஒரைசா லாங்கிஸ்டாமினேட்டாவிலிருந்து வந்த இதன் மரபணுவை, 1995-இல் கலிபோர்னியாவில் பமீலா ரொனால்டு குழுவினர் பிரித்தெடுத்தனர். அது உணர்வது ராக்ஸ்எக்ஸ் என்னும் பாக்டீரியப் புரதத்தை என்பது 2015-இல் வெளியானது. அப்புரதத்தின் ஒரு டைரோசினில் சல்பேட் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் ஏற்பி அதைக் கண்டுகொள்வதில்லை.

இதைவிட வியப்பூட்டுவது எக்ஸ்ஏ13 என்னும் எதிர்ப்பு மரபணு. பாக்டீரியா தன் புரதமொன்றை நெல்லின் செல்லுக்குள் செலுத்துகிறது. அது உட்கருவை அடைந்து, ஸ்வீட்11 என்னும் சர்க்கரை கடத்தி மரபணுவை முடுக்கிவிடுகிறது. செல்லின் சர்க்கரை வெளியே கசிகிறது. நோய்க்கிருமி அதை உண்டு கொழுக்கிறது. எதிர்ப்புள்ள நெல்லில் அம்மரபணுவை முடுக்கும் பகுதி மாறியிருப்பதால் பாக்டீரியப் புரதத்தால் அங்கே பற்ற முடிவதில்லை. இந்த மாற்றத்தில் பெரிய நுட்பம் ஒன்று உண்டு. மகரந்தம் வளர ஸ்வீட்11 தேவை. மரபணுவையே இழந்தால் மணி பிடிக்காது. ஆகவே மரபணு அப்படியே இருக்க, பகைவன் பற்றும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. இரு பெற்றோரிடமிருந்தும் எக்ஸ்ஏ13 எனப்படும் இந்த மாறிய வடிவம் வந்தால்தான் எதிர்ப்பு கிட்டும்.

ஒரே மரபணுவை நம்பினால், நோய்க்கிருமி மாறி அதைக் கடந்துவிடக்கூடும். இதனால் ஹைதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும், தமிழக உழவர்கள் பி.பி.டி. என்றழைக்கும் சம்பா மசூரியில் எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, மற்றோர் எதிர்ப்பு மரபணுவான எக்ஸ்ஏ5 ஆகிய மூன்றையும் சேர்த்தன. மரபணுக் குறிப்பான்களைப் பார்த்துத் தேர்ந்து, வழக்கமான ஒட்டுச்சேர்க்கையால் உருவான அந்த மேம்படுத்தப்பட்ட ரகம் 2008-இல் வெளியிடப்பட்டது.