சிறுதேரும் சிறு மோட்டாரும்

வண்டியைப் படைத்த மனிதன், அதன் உருவைச் சிறிதாக்கித் தன் மகவின் கையில் தர ஒருபோதும் மறந்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாத சிறுதேரை உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழோ, பத்துப் பருவங்களுள் ஒன்றைச் சிறுதேருக்கென்றே வகுத்தது.

தேரின் இடத்தை மோட்டார் கொண்ட இருபதாம் நூற்றாண்டில் விளையாட்டுத் தேரும் மோட்டார் ஆயிற்று. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1949இல் பெர்குசன் டிராக்டர் ஒன்றின் பிளாஸ்டிக் மாதிரியைச் செய்து இத்துறையில் அடியெடுத்து வைத்தது. அமெரிக்காவில், மோட்டார் விற்பனையாளர் புதிய கார்களைக் காட்டி விளம்பரம் செய்வதற்கென ஏ.எம்.டி. நிறுவனம் 25இல் ஒரு பங்கு அளவில் மாதிரிகளை வார்த்தளித்தது. 1958இல் அவற்றையே உதிரிப் பாகங்களாகப் பெட்டியிலிட்டு விற்கலாயிற்று. ஜப்பானின் ஷிசுவோக்காவில் மரம் அறுக்கும் ஆலையாகத் தோன்றி, பின் மர மாதிரிகள் செய்த தமியா, 1960இல் தன் முதல் பிளாஸ்டிக் மாதிரியை வெளியிட்டது.

அளவே இக்கலைக்கு உயிர். 24இல் ஒரு பங்கு என்றால் ஓர் அடி அரை அங்குலமாகும். 2014 வரை வங்கத்தின் உத்தரபாராவில் உருவான அம்பாசிடர் கார் ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளம். இவ்வளவில் அது 18 சென்டிமீட்டராகி ஒரு சாணுக்குள் அடங்கிவிடும்.

பாகங்களைச் சட்டத்தினின்று வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணத்தை மெல்லிய படலங்களாகப் பூசவேண்டும். இதற்குரிய பசை, பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைக் கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக்குவது; ஒரு துளி மிகினும் உருவம் கெடும். கதவின் இடுக்குகளில் நீர்த்த கரிய வண்ணத்தை ஓடவிட்டால், நிழல் விழுந்தாற்போல் உண்மைத் தோற்றம் வந்துவிடும்.

சனத்நகர்வாசிகளாகிய நமக்கு இவ்வேலை புதிதன்று. 1942இல் தோன்றிய ஐதராபாத் ஆல்வின் இங்கேதான் பேருந்துகளுக்கு உடல் கட்டியது. எங்கோ செய்த அடிச்சட்டத்தின்மேல் தகடும் இருக்கையும் கண்ணாடியும் பொருத்தி முழு வண்டியாக்குவதன்றோ அத்தொழில்? கரூரிலும் நாமக்கல்லிலும் 'பாடி கட்டுதல்' என வழங்குவதும் இதுவே. 1990களில் ஆல்வின் கலைந்தது. அதனோடு, ஒரு வண்டி எவ்வாறு உருப்பெறுகிறது என்பதை அண்டையிலேயே கண்டறியும் வாய்ப்பும் நம் சிறுவர்க்கு அகன்றது. முடிந்த பொருளை வாங்க மட்டுமே அறிந்த தலைமுறை, அதனைப் பழுது பார்க்கவும் அஞ்சும். புதிதாய்ப் படைக்கவும் அஞ்சும்.

ஒரு பெட்டி உதிரிப் பாகமும், உடனமர்ந்து வழிகாட்டும் பெரியவர் ஒருவரின் பொறுமையும் இருப்பின் அவ்வச்சம் நீங்கத் தொடங்கும். பிள்ளைத்தமிழ் சிறுதேரை ஆண் மகவுக்கு மட்டுமே அளித்தது. நம் காலனி இல்லங்களில் அதனைப் பெண் மகவின் கையிலும் தருவோமாக!