வளரும் பன்றிக்கான தீவனச் சேர்ப்பிகள் – சித்தூர், திருப்பதி வட்டாரம்

உண்ட தீவனம் எந்த அளவுக்கு உடல் எடையாகிறது என்பதே தீவன மாற்றுத் திறன். அதைக் கூட்டத் தீவனத்தில் சிறிதளவு கலக்கும் அமினோ அமிலம், நொதி, தாது உப்பு, மருந்து முதலியவை தீவனச் சேர்ப்பிகள் எனப்படும்.

சித்தூர்ப் பகுதியில் எருகுலர் முதலிய சமூகத்தார் வளர்த்த கறுப்பு நாட்டுப் பன்றிகள் ஊரைச் சுற்றி மேய்ந்து வளர்ந்தவை. அவற்றுக்குச் சேர்ப்பி தேவைப்படவில்லை. வெள்ளை யார்க்‌ஷயர் என்ற அயல் இனம் கொட்டிலுக்கு வந்த பிறகுதான் தீவனக் கணக்கு தொடங்கியது. இவ்வட்டாரத்தில் பன்றி ஆராய்ச்சி நடக்கும் திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரி 1955இல் தோன்றியது. 1970-71இல் தொடங்கிய அனைத்திந்திய ஒருங்கிணைந்த பன்றி ஆராய்ச்சித் திட்டத்தின் முதல் மையங்களுள் திருப்பதியும் ஒன்று. இன்று அம்மையம் 2005இல் அமைந்த ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. யார்க்‌ஷயரையும் நாட்டுப் பன்றியையும் கலந்து இங்கு உருவான இனம் எஸ்.வி.வி.யூ. டி-17.

உலக அளவில் முதலில் பரவியது மருந்துதான். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டாட் இருவரும் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தீவனத்தில் கோழிக்குஞ்சு வேகமாக வளர்வதைக் கண்டனர். பன்றிக்கும் அது உடனே போனது. 1950களில் இங்கிலாந்தில் பிராடே குழுவினர் கிலோ தீவனத்துக்கு 250 மில்லிகிராம் செம்பு சேர்த்து ஏறக்குறைய அதே பலன் பெற்றனர். ஆனால் செம்பு சாணத்தோடு வயலில் தங்கிவிடும். மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகவே, 1986இல் சுவீடனும் 2006இல் ஐரோப்பிய ஒன்றியமும் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் தருவதைத் தடுத்தன. இந்தியா 2019இல் உணவு விலங்குகளுக்கான கோலிஸ்டினைத் தடைசெய்தது. பன்றி சில நாள் முன்னதாகச் சந்தைக்குப் போவதற்காக மருந்துக்கு மசியாத கிருமிகளை வளர்ப்பது மிகக் கூடுதலான விலைதான்.

இந்த வட்டாரத்தில் மலிவாகக் கிடைப்பவை கடலைப் புண்ணாக்கும் தவிடும். புண்ணாக்கில் புரதம் ஏராளம். லைசின் என்ற அமினோ அமிலமோ சோயாவில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். லைசின் குறைந்தால் மற்ற அமினோ அமிலங்களும் தசையாகாமல் சிறுநீரில் வீணாகும். 1950களின் இறுதியில் ஜப்பானில் நொதித்தல் முறையில் லைசின் தயாரிக்கக் கற்றபின் இக்குறையைத் தீர்ப்பது எளிதாயிற்று. 100 கிலோ தீவனத்துக்கு 200 முதல் 300 கிராம் போதும். நேராகக் கொட்டினால் ஒரே இடத்தில் தங்கிவிடும் என்பதால், முதலில் இரண்டு கிலோ தவிட்டில் பிசறிப் பிறகு மொத்தத்தில் கலப்பார்கள். தவிட்டில் பாஸ்பரசின் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது. 1991இல் விற்பனைக்கு வந்த ஃபைட்டேஸ் நொதி அதை விடுவிக்கிறது.

ஆக, இங்குள்ள வளர்ப்பவருக்கு முதலில் வாங்கத்தக்கவை லைசினும் ஃபைட்டேசும் தாது உப்புக் கலவையும்தான். பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு ஏறிய கடலைப் புண்ணாக்கை எந்தச் சேர்ப்பியும் நல்ல தீவனமாக்கிவிடாது.